உறுதி ஒன்று, ஊர்ப்பேச்சு ஒன்று: மட்டக்களப்பில் காணி வாங்குவோருக்கு ஒரு வரலாறு

காணி வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. கேட்பவர்களில் எவரும் பெருஞ்செல்வந்தர் அல்லர். மத்திய கிழக்கில் பத்து வருடம் உழைத்துத் திரும்பியவர், ஓய்வுபெற்றுப் பணிக்கொடை கைக்கு வந்த ஆசிரியை, மகளின் கலியாணத்துக்கு முன் வீட்டுநிலம் தேடும் தகப்பனார், கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழ்ந்துகொண்டு பிறந்த ஊரில் ஒரு துண்டு மண் வேண்டும் என்று விரும்புபவர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சேர்கின்ற பணம் அது. தவறான இடத்தில் போட்டுவிட்டால் இரண்டாவது தடவை சேராது.

விலை ஏறுமா, வாடகை வருமா, வங்கியில் வைப்பதா மண்ணில் வைப்பதா என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். உலகெங்கும் புதிதாக நிலத்தில் முதலிடுவோர் கேட்கும் கேள்விகள் இவை. மட்டக்களப்பு வாவிக்கரையில் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த மண்ணின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. நான் சட்டத்தரணி அல்லன். காணிப் பிணக்குகளைப் பற்றி எழுதி வந்த செய்தியாளன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

சொல்ல வருவது இதுதான். இங்கே ஒவ்வொரு காணிக்கும் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று எழுத்து, அதாவது உறுதி, வரைபடம், பதிவேடு. மற்றது ஊர், அதாவது அயலாரின் நினைவு, குடும்ப வழக்கம், வாய்ச்சொல். இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்கின்ற காணி நல்ல காணி. இரண்டும் வெவ்வேறாகப் பேசுமாயின், ஏன் வெவ்வேறாகப் பேசுகின்றன என்பது விளங்கும் வரை முற்பணம் கொடுக்கலாகாது.

இரு கரைகள்

முதலில் இடத்தைப் பார்ப்போம். கடலுக்குச் சமாந்தரமாக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம் என்பதால் அப்பெயர். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. மக்கள் நெருங்கி வாழ்ந்தது கிழக்கே, நெல் விளைந்தது மேற்கே. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருந்த குடும்பங்களே இப்பகுதியின் பழைய நிலவுடைமையாளர்.

இந்த அமைப்பு விலையையும் தீர்மானித்தது. எழுவான்கரையில் நிலம் பேர்ச் கணக்கில் விற்கப்படுகிறது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். படுவான்கரையில் ஏக்கர்க் கணக்கு. இரு கரைகளையும் நெருக்கியவை பாலங்கள். கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் வந்தது. மண்முனைத் துறையில் நெடுங்காலம் பாதையில் ஏறிக் கடந்த மக்களுக்கு 2014இல் பாலம் கிடைத்தது. பாலம் வருமிடத்தில் நிலத்தின் விலை ஏறும் என்பதை எல்லோரும் அறிவர். விலை ஏறும்போதுதான் உறங்கிக் கிடந்த உரிமைக்காரரும் எழுந்து வருவார்கள் என்பதைப் புதிதாக வாங்குபவர் அறிவதில்லை.

இது யாருடைய காணி?

விற்பவர் தம் பெயரிலுள்ள உறுதியைக் காட்டினால் கேள்வி முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். மட்டக்களப்பில் அது தொடக்கம் மட்டுமே.

இப்பகுதியின் சமூக அமைப்பு தாய்வழிக் குடிமுறை. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. தமிழர் மட்டுமன்றி இங்குள்ள முஸ்லிம்களும் இக்குடிமுறையை உடையவர்கள். பழைய சொத்துரிமை வழக்கம் முக்குவர் சட்டம் என்ற பெயரில் அறியப்பட்டது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அதைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவ்வழக்கத்தின்படி முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, ஒருவனுடைய சொந்தப் பிள்ளைகளுக்குச் செல்லாமல் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. அதே 1876ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கொண்டுவந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அவ்வழக்கம் சட்ட வலுவை இழந்தது.

ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. அது உருவம் மாறியது. மருமகனுக்குப் போன சொத்து மகளுக்குச் சீதனமாகப் போகத் தொடங்கியது. கலியாணத்தோடு வீட்டையும் வளவையும் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்த மகளுக்காக வேறு வீடு கட்டுவது இன்றும் இங்கே நாம் காணும் காட்சி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். மட்டக்களப்புப் பகுதியின் சமூகத்தை நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

காணி வாங்குபவருக்கு இதனால் என்ன? சீதனம் எல்லா வீடுகளிலும் நொத்தாரிசு முன் எழுதிக் கொடுக்கப்பட்டதில்லை. பெரியோர் முன்னிலையில் சொன்ன சொல்லே போதும் என்றிருந்த காலம் இருந்தது. தகப்பனார் எழுதாமல் காலமாகிவிட்டால் நாட்டின் சட்டம் வேறுவிதமாகக் கணக்குப் போடும். பொதுச் சட்டத்தின்கீழ் எஞ்சியிருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ அரைவாசி. மற்ற அரைவாசி ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. முஸ்லிம் குடும்பமாயின் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி இஸ்லாமியப் பங்கு முறை. அதில் மகனின் பங்கு மகளின் பங்கைப் போல இரு மடங்கு. ஊர் சொல்கிறது, இது அக்காவின் வீடு என்று. சட்டம் சொல்கிறது, இதில் தம்பிமாருக்கும் பங்கு உண்டு என்று. அக்கா விற்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள். சவூதியிலிருந்து தம்பி வருகிறார். அதற்குப் பிறகு நடப்பதை நீதிமன்ற வாசலில் காணலாம்.

ஆகவே விற்பவரின் தாய், தகப்பன், உடன்பிறந்தார் யார், அவர்கள் உயிருடன் இருக்கிறார்களா, பங்கை விட்டுக் கொடுத்து எழுதினார்களா என்று கேட்பது அநாகரிகம் அன்று. மட்டக்களப்பில் அதுவே முதற்கேள்வி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வாங்குவோர் தேசவழமையை எண்ணிக் குழம்புவதும் உண்டு. பங்காளிக்கு முதலில் அறிவித்த பின்பே விற்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமை வடமாகாணக் காணிகளுக்கு உரியது. மட்டக்களப்புக் காணியை அது கட்டுப்படுத்தாது. ஒரே மொழி பேசும் இரு நிலங்கள், இரு வேறு சட்ட வரலாறுகள்.

உறுதி இருக்கிறதே, போதாதா?

இலங்கையில் காணிக் கைமாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த விதி. இன்றும் அதுவே விதி. வெறும் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுத்த 'கைச்சீட்டு' காணியை மாற்றாது. அதற்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு அலைவதற்கே அது உதவும்.

காணிப் பதிவு 1863ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. புதியவர்கள் சறுக்கும் இடமும் அதுதான். காணிப் பதிவகம் பதிவது ஆவணத்தை, உரிமையை அன்று. தமக்கு உரிமையே இல்லாத காணிக்கு ஒருவர் உறுதி எழுதினாலும் அந்த உறுதி பதியப்படலாம். பதிந்ததனால் இல்லாத உரிமை உண்டாகிவிடாது. பதிவின் பயன் முந்துரிமை. ஒரே உரிமையாளர் ஒரே காணியை இருவருக்கு விற்றால், முதலில் வாங்கிப் பதியாமல் இருந்தவரைப் பின்னால் வாங்கி முன்னால் பதிந்தவர் வெல்லக் கூடும். உறுதி எழுதிய கையோடு பதிவுக்கு அனுப்ப வேண்டும் என்று மூத்த நொத்தாரிசுமார் வற்புறுத்துவது இதனால்தான்.

தென் அவுஸ்திரேலியாவில் றொபேட் டொறன்ஸ் 1858இல் வேறொரு முறையைக் கொண்டு வந்தார். அங்கே பதிவேடு சொல்வதே உரிமை. பதிவேட்டில் பெயர் இருப்பவர் உரிமையாளர் என்பதற்கு அரசு பொறுப்பு. இலங்கையில் அந்த முறையைத் தழுவி வந்தது 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம்; 'பிம் சவிய' என்று மக்கள் அறிந்த திட்டம். ஆனால் நாட்டின் எல்லாப் பிரதேசங்களையும் அது இன்னும் சென்றடையவில்லை. அது வராத இடத்தில் வாங்குபவர் பழைய வழியிலேயே போக வேண்டும். குறைந்தது முப்பது வருட உறுதிகளைப் பதிவகத்தில் தேடிச் சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்ப்பது அந்த வழி. ஈடு, குத்தகை, வழக்குப் பதிவு முதலிய வில்லங்கங்களும் அதே பதிவேட்டு இதழ்களில் தெரியவரும்.

பிரிக்கப்படாத பங்கு இன்னொரு பொறி. உறுதியில் 'நான்கில் ஒரு பங்கு' என்று இருக்கும். விற்பவர் வேலியடைத்த ஒரு மூலையைக் காட்டி இதுதான் என் பங்கு என்பார். பங்காளிகள் எல்லோரும் ஒப்பி வரைபடத்தோடு பிரித்து எழுதியிருந்தாலன்றி, நீங்கள் வாங்குவது அந்த மூலையை அன்று; முழுக் காணியிலும் பரந்திருக்கும் நான்கில் ஒரு பங்கை. பிரிப்பதற்கு 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் வரும் இறுதித் தீர்ப்பு எவருக்கும் எதிராக நிற்கும் வலிமையுடையது. அந்தத் தீர்ப்பு வரும்வரை வழக்காளி உயிரோடு இருக்க வேண்டும் என்பதே சிரமம்.

அரச காணியா, தனியார் காணியா?

ஆங்கிலேயர் 1840இல் இன்னொரு சட்டமும் இயற்றினர்: 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம். காடாகவும் தரிசாகவும் பயிரிடாமலும் கிடக்கும் நிலம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று அது கொண்டது. எழுத்தில் எதையும் வைத்திராத சேனைப் பயிர்ச்செய்கையாளரும் மாடு மேய்ப்பவரும் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆயினர். இன்று இலங்கையின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுடையதாக இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரை தொடர்பாகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டமும் இதே வரலாற்றின் தொடர்ச்சிதான். தலைமுறைகளாக அங்கே மாடு மேய்ந்ததை ஊர் அறியும். அதற்கான எழுத்து அவர்கள் கையில் இல்லை.

அரசு அந்த நிலத்தை மக்களுக்குப் பகிரத் தொடங்கியது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ். படுவான்கரையில் இவ்வழி வந்த காணிகள் ஏராளம். இவற்றை ஊரார் 'பெர்மிட் காணி' என்பர். முதலில் அனுமதிப்பத்திரம், நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் அளிப்புப் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி, ரன்பூமி என்று ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறி வந்தவை அளிப்புப் பத்திரங்களே. தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் அவை தனியார் உறுதிக்கு நிகரானவை அல்ல. பிரதேச செயலாளரின் முன் அனுமதியின்றி அவற்றை விற்க முடியாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. அனுமதி பெறாமல் எழுதிய உறுதி செல்லாது. ஆயினும் இக்காணிகள் வெறும் தாளில் கைமாறுகின்றன. விலை மலிவு என்பதால் புதியவர்கள் விழுகின்றனர். அந்த மலிவுக்குக் காரணம் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இச்சட்டத்தில் இன்னொரு முரணும் இருந்தது. வீடும் வயலும் மகளுக்குப் போகும் மட்டக்களப்பில், பெயர் குறிக்கப்படாத பெர்மிட் காணி மூத்த மகனுக்குப் போக வேண்டும் என்றது 1935ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்களுக்கிருந்த அம்முன்னுரிமை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாலேயே நீங்கியது. இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் எத்தனை மகள்மார் ஊர் அறிய வாழ்ந்த காணியில் எழுத்து அறியாதவர்களாக இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் விற்க வந்தால் வாங்குபவருக்கும் சிக்கல், விற்பவருக்கும் சிக்கல்.

வயல் வாங்கலாமா?

மட்டக்களப்பின் பழைய முதலீடு வயலே. போடியார் என்ற சொல் இங்கே பெருவயற்காரரைக் குறிக்கும். அவர் எழுவான்கரையில் இருப்பார். வட்டையில் வேலையைப் பார்ப்பவர் முல்லைக்காரர். நீர்ப்பங்கீட்டை வட்டைவிதானை கவனிப்பார். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய பழைய வழக்கங்களை மீட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது.

போடியார் காலத்துக்கு இரு சட்டங்கள் எல்லை வகுத்தன. பிலிப் குணவர்த்தன விவசாய அமைச்சராக இருந்தபோது வந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியை நினைத்தவுடன் எழுப்ப முடியாதபடி செய்தது. 1972ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராகவும் ஏனைய காணியை 50 ஏக்கராகவும் வரையறுத்தது. வயல் வாங்குபவர் கேட்க வேண்டியவை இவற்றிலிருந்தே பிறக்கின்றன. இந்த வயலைச் செய்பவர் யார்? அவர் பெயர் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் குத்தகை விவசாயியாக இருக்கிறதா? இருந்தால், நீங்கள் வாங்கியதனால் அவர் உரிமை அழியாது. உறுதி உங்களிடமும் உழவு அவரிடமும் இருக்கும்.

வயலை மலிவாக வாங்கி மண் நிரப்பி வீட்டுநிலமாக விற்கலாம் என்று கணக்குப் போடுவோரும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, நிரப்பிய வயலின் நீர் எங்கே போகும்? அயலாரின் வளவுக்குள் போகும். 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முதியவர்களைக் கேட்டால் எந்தத் தாழ்நிலத்தில் நீர் நின்றது என்று விரலால் காட்டுவார்கள். அந்தச் சாட்சியம் எந்த உறுதியிலும் இல்லை.

பத்து வருடம் இருந்தால் சொந்தமா?

சொந்தமாகலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மற்றவரின் உரிமையை ஏற்காமல், தடையின்றி, எதிராக, பத்து வருடம் ஆட்சி செய்திருக்க வேண்டும். அரச காணிக்கு எதிராக இது ஓடாது. பங்காளிக்கு எதிராக எளிதில் ஓடாது. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சி என்று இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் 1911இல் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் தீர்த்து வைத்தது. இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது.

இந்தப் பத்து வருடக் கணக்கு அமைதிக் காலத்துக்கு எழுதப்பட்டது. யுத்த காலத்தில் அது வேறு பொருள் கொண்டது. 1990இல் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் இரத்தம் சிந்தின. இரு சமூகத்தவரும் எல்லைப்புறக் காணிகளை விட்டு ஓடினர். படுவான்கரை 2007 வரை யுத்த களமாக இருந்தது. ஓடியவரின் வளவில் இன்னொரு அகதி குடியேறினார். சிலர் பயத்தில் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுத்தனர். சிலருடைய உறுதிகள் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியிலும், சிலருடையவை யுத்தத்திலும், சிலருடையவை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளிலும் அழிந்தன. ஒரே குடும்பம் மூன்றையும் கண்டதும் உண்டு.

இந்த அநீதியை உணர்ந்தே பாராளுமன்றம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தை இயற்றியது. 1983 மே 1ஆம் திகதி முதல் 2009 மே 18ஆம் திகதி வரை யுத்தச் சூழ்நிலையால் தம் காணி உரிமையைக் கேட்டு வழக்காட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்பது அதன் சாரம். ஊர் அறிந்த உண்மையை எழுத்து ஏற்றுக்கொண்ட அபூர்வமான தருணம் அது. காலவரையறையோடு வந்த சட்டமாதலால், அதன் பயனை நாடுவோர் தம் நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

வாங்குபவருக்கு நான் சொல்வது இது. உறுதி 1985க்கும் 2009க்கும் இடையில் எழுதப்பட்டதாக இருந்தால், விற்றவர் யார், எந்தச் சூழ்நிலையில் விற்றார், இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். விற்பவர் கையில் ஆட்சி மட்டும் இருந்து உறுதி இல்லையாயின், உறுதி யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். இதில் உங்கள் பணம் மட்டும் பணயத்தில் இல்லை. அகதி முகாமில் பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் திரும்பி வரும் உரிமையை நீங்கள் அறியாமலே விலைபேசிக் கொண்டிருக்கலாம். இரு சமூகங்கள் வேலிக்கு வேலி வாழும் மாவட்டத்தில் அத்தகைய ஓர் உறுதி ஒரு குடும்பச் சண்டையோடு முடிவதில்லை.

நீரோரக் காணி

வாவியைப் பார்த்தபடி விடுதி கட்டலாம் என்ற ஆசை 2009க்குப் பின் பெருகியது. பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்த பின்னர் வாவிக்கரையிலும் விலை கேட்போர் வந்தனர். நீரோரக் காணிக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தனி விதி வகுத்துள்ளது. உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு இணைந்த வாவிக்கு அவ்வலயம் உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை நீளும். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய நீர்நிலைகளின் ஓரத்தையும் 100 மீற்றர் அளவுக்கு உள்ளடக்கியது. அவ்வலயத்தில் கட்டடம் எழுப்பத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உறுதி சுத்தமாக இருந்தும் அத்திவாரம் போட முடியாத காணிகள் இவ்வாறு உருவாகின்றன.

கடற்கோளுக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. 2005இன் இறுதியில் அது தளர்த்தப்பட்டது. இதற்கிடையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாக்குப் போல நீண்ட நாவலடியின் மக்கள் பலர் திராய்மடுவுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய காணியின் உரிமை அவர்களை விட்டுப் போகவில்லை; வாழ்க்கை மட்டும் இடம் மாறியது. அத்தகைய கரையில் வெறுமையாகக் கிடக்கும் வளவைக் கண்டு உரிமையாளர் இல்லாத நிலம் என்று எண்ணுபவர் ஏமாறுவார்.

வெளிநாட்டில் இருப்போர்

பிற நாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உடையவர் வாங்கலாம். நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகப் பெறுவதற்கும் விதிவிலக்கு உண்டு. தடையைச் சுற்றிச் செல்வதற்காக ஊரிலுள்ள உறவினர் பெயரில் வாங்கி வைப்போர் பலர். எழுத்தில் அது உறவினரின் காணி. அவர் காலமானால் அவருடைய பிள்ளைகளின் காணி. உங்கள் பணம் என்பதை ஊர் அறியும், நீதிமன்றம் அறியாது.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவத்தோடு ஒருவர் வருவார். தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அது செயலிழக்கும். ஆகவே அவர் உயிரோடு இருக்கிறாரா, அதை இரத்துச் செய்துவிட்டாரா என்பதை நேரில் தொலைபேசியிலாவது பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விலை ஏறுமா?

கடைசியாகவே இக்கேள்விக்கு வருகிறேன். 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியபோது வங்கியில் பணம் வைத்திருந்தவர்கள் அதன் பெறுமதி கரைவதைக் கண்டனர். மண் கரையாது என்ற நம்பிக்கை அதனால் வலுப்பட்டது. அந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் அவசரத்துக்கு மண் உடனே பணமாகாது. மருத்துவமனைக் கட்டணத்துக்கு அரைப் பேர்ச்சை வெட்டி விற்க முடியாது. கடன்பட்டு வாங்கியவருக்கு வட்டி மாதாமாதம் வரும், விலையேற்றம் எப்போதாவது வரும். வழக்கில் சிக்கிய காணிக்கோ விலையே இல்லை. ஆகவே இங்கே இலாபத்தின் பெரும்பகுதி விற்கும் நாளில் கிடைப்பதன்று. வாங்கும் நாளில் ஒழுங்காக விசாரித்ததில் கிடைப்பது.

விசாரிக்கும் ஒழுங்கு கடினமானதுமன்று. காணிப் பதிவகத்தில் தேடுதல். பிரதேச செயலகத்தில் அரச காணியா என்று கேட்டல். வயலாயின் கமநல சேவை நிலையம். நீரோரமாயின் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து எல்லைக்கல்லைப் பார்த்தல். உங்களுக்காக மட்டும் செயற்படும் சட்டத்தரணியிடம் உரிமைக் கருத்து எழுத்தில் பெறுதல். இவை எழுத்தின் சாட்சியம்.

பிறகு ஒரு பின்னேரம் அந்தக் காணியின் நான்கு எல்லையிலும் இருப்பவர்களிடம் தனித்தனியே போங்கள். இந்த வளவு முன்னர் யாருடையது, யாருக்குச் சீதனமாகப் போனது, யார் எப்போது ஊரைவிட்டுப் போனார்கள், மாரியில் நீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். நான்கு பேரும் ஒரே பெயரைச் சொல்லி, அதே பெயர் உறுதியிலும் இருக்குமானால் விலைபேசலாம். ஒருவராவது தயங்கிப் பேச்சை மாற்றினால், முற்பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு முறை பதிவகத்துக்குப் போங்கள்.